வீட்டுல விறகு ஸ்டவ் வைக்கறீங்களா, முதல்ல கூரைய பாருங்க

விறகு ஸ்டவ் வாங்கலாம்னு இருக்கேன்னு யார் வந்து கேட்டாலும் போன்ல ஒரு போட்டோவ நீட்டி இது நல்லா இருக்குமா, இதுல கண்ணாடி பெருசா இருக்கேன்னு தான் ஆரம்பிக்கறாங்க. நான் கேக்கறது உங்க வீட்டு கூரை என்ன கூரை, ஓடா தகரமா இல்ல தார்சுன்னு சொல்ற மொட்டை மாடியா, ஸ்டவ் வைக்கற எடத்துக்கு நேர் மேல என்ன இருக்கு, அவ்வளவு தான். ஏன்னா ஸ்டவ்ங்கறது ஒரு இரும்புப் பெட்டி, வேலை செய்யறது பைப். புகை சூடா இருக்கற வரைக்கும் தான் மேல ஏறும், நடுவழியில ஆறிப்போச்சுன்னா ஒண்ணு பைப்புக்குள்ளயே தாரா படிஞ்சு ஒட்டும், இல்ல திரும்பி ரூமுக்குள்ள வரும். கீழ நான் சொல்லப்போறது அத்தனையும், பைப்ப எந்த பக்கமா ஏத்தறதுல இருந்து எந்த விறகு போடறதுங்கற வரைக்கும், அந்த புகைய கடைசி வரைக்கும் சூடா வச்சுக்கறதுக்கான வழி தான்.

எங்க வீடு நீலகிரியில கேத்தி பக்கம், பள்ளத்தாக்க பாத்த மாதிரி. டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும் காலையில கேரட் பாத்தி மேல உறைபனி வெள்ளையா கிடக்கும், தார்சுக்கு மேல ஏறுற தண்ணி பைப் சில நாள் எட்டு மணி வரைக்கும் தொறக்காது. ஸ்டவ் வைக்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுலயும் கரிச்சட்டி தான். ஒரு ஜனவரி ராத்திரி அப்பாவுக்கு மூச்சு எளைக்குதுன்னு அம்மா கரிச்சட்டிய பெட்ரூம்லயே வச்சுட்டு ஜன்னல் சந்துல எல்லாம் பழைய துணிய திணிச்சுட்டு படுத்துட்டாங்க. மூணு மணி இருக்கும், நான் எதுக்கோ எந்திரிச்சு வர்றப்ப உள்ள இருந்து அம்மா முனகற சத்தம், "தலை வெடிக்குது கண்ணு, வாந்தி வர்ற மாதிரி இருக்கு"ன்னாங்க, அப்பா கட்டில பிடிச்சுட்டு எந்திரிக்க பாக்கறார், கால் நிக்கல. ஜன்னல எல்லாம் தொறந்து போட்டு ரெண்டு பேரையும் கம்பளியோட திண்ணைக்கு இழுத்துட்டு வந்தேன். அது கார்பன் மோனாக்ஸைடுங்கற விஷவாயு. வாசனை கிடையாது, கண்ணு எரியாது, தணல் செக்கச்செவேல்னு அழகா இருக்கும், புகையே இல்லையேன்னு நாமளும் நம்பிருவோம். ஊட்டியிலயும் கொடைக்கானல்லயும் ரூமுக்குள்ள கரி மூட்டிட்டு தூங்கினவங்க காலையில எந்திரிக்காம போன செய்தி எத்தனையோ குளிர்காலத்துல வந்திருக்கு. அதனால ஸ்டவ் வைக்கறீங்களோ இல்லையோ, கரிச்சட்டிய படுக்கற ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க, தயவு செஞ்சு.

பழைய பங்களாக்கள்ல இருக்கற தொறந்த ஃபயர் பிளேஸ் பாக்க நல்லா இருக்கும், ஆனா சூட்டுல பெரும்பகுதி சிம்னி வழியா மேல போயிரும், கூடவே ரூம்ல இருக்கற சூடான காத்தையும் இழுத்துட்டு போகும். விறகோட சூட்டுல பத்துல ஒண்ணு ரெண்டு பங்கு ரூமுக்கு வந்தா அதுவே பெருசு. கதவு மூடின நல்ல ஸ்டவ்னா பத்துல ஆறுல இருந்து எட்டு பங்கு ரூமுக்குள்ளயே நிக்கும். வடக்க காஷ்மீர், இமாசலப் பக்கம் புகாரின்னு சொல்றது இந்த ஜாதி தான். ரெடிமேடா வார்ப்பிரும்புல வாங்கினாலும் சரி, பட்டறையில தடிச்ச இரும்புத் தகடுல செஞ்சாலும் சரி, உள்ள ஃபயர் பிரிக், அதாவது சூடு தாங்கற செங்கல், வரிசையா இருக்கணும், மேல புகை நேரா பைப்புக்கு ஓடாம சுத்தி போற மாதிரி ஒரு தடுப்புத் தகடு இருக்கணும், கதவச் சுத்தி செராமிக் கயிறு இருக்கணும், காத்து வர்றத கூட்டி குறைக்க கம்பி இருக்கணும். இந்த நாலும் இல்லாதது ஸ்டவ் இல்ல, டிரம்.

சைஸ்ல தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, பெருசா வாங்கினா நல்லா சூடு வரும்னு. ரூமோட நீளம், அகலம், உசரத்த அடியில பெருக்கி 500-ஆல வகுத்தா தோராயமா எத்தனை கிலோவாட் வேணும்னு வரும். 14-க்கு 12 ரூம், 9 அடி உசரம்னா 1512 கன அடி, அப்ப 3 கிலோவாட் போதும், ஓட்டு வீடா இருந்து காத்து புகுந்தா 4 வச்சுக்கங்க. அங்க போய் 9 கிலோவாட் ஸ்டவ்வ வச்சா சூடு தாங்காம காத்த அடைச்சு அடைச்சு பொகைய விட்டு தான் எரிப்பீங்க, அப்படி எரியற நெருப்புல புகை ஆறிப்போய் பைப் பூரா தார் கட்டும். சின்ன ஸ்டவ் கொழுந்து விட்டு எரியறது பெரிய ஸ்டவ் மூச்சு முட்டி எரியறத விட எப்பவும் நல்லது.

இப்ப எடம். ஸ்டவ்ல இருந்து பைப் நேரா மேல போய் கூரைய தாண்டி வெளிய போற மாதிரி எடம் பாருங்க. சுவத்துல ஓட்டை போட்டு வெளிய எடுத்து வெளிச்சுவர் ஓரமா மேல ஏத்தறது சுலபம் தான், கொத்தனாரும் அதத்தான் சொல்லுவார், ஆனா மூணு மாசம் மிஸ்ட்லயே நிக்கற பைப்புல புகை எப்படி சூடா இருக்கும். வீட்டுக்குள்ள ஏத்தற பைப் அதுவும் ஒரு ஹீட்டர் மாதிரி தான், வெளிய ஏத்தறது பைப்ப குளிப்பாட்டற மாதிரி. வளைவு இல்லாம இருந்தா ரொம்ப நல்லது, வேணும்னா 45 டிகிரியில ரெண்டு, அதுக்கு மேல வேண்டாம், 90 டிகிரி எல்போ வேண்டவே வேண்டாம். மொத்த உசரம் ஸ்டவ் தலையில இருந்து குறைஞ்சது 15 அடி. இதுல நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்கு, ஊட்டி 2240 மீட்டர், கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல, இந்த உசரத்துல காத்து கீழ்நாட்ட விட சுமாரா 20 சதவீதம் லேசு, அப்ப பைப் இழுக்கற இழுப்பும் கொஞ்சம் குறையும். நாங்க 18 அடி வச்சிருக்கோம், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கூரைய தாண்டற எடத்துல இருந்து 3 அடியாவது மேல நிக்கணும், அதோட சுத்தி 10 அடிக்குள்ள இருக்கற முகடு, தண்ணி டேங்க், பக்கத்து சுவர் எது உசரமோ அதை விட 2 அடி கூட இருக்கணும், இல்லன்னா ஜூன் ஜூலை காத்துல புகைய கீழ அமுக்கி விட்டுரும்.

பைப்புக்கு காசு குறைக்காதீங்க. ஸ்டவ் கழுத்து 6 இன்ச்னா கடைசி வரைக்கும் 6 இன்ச், நடுவுல 4 இன்ச் பைப் கிடைச்சுதுன்னு குறைக்கக் கூடாது. ரூமுக்குள்ள தெரியற பாகம் தடிச்ச ஒத்தை இரும்பு பைப்பா இருக்கலாம், ஆனா கூரைய தொடற எடத்துல இருந்து மேல முழுக்க ரெட்டைச் சுவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நடுவுல ராக் வூல்ங்கற கல்பஞ்சு அடைச்சது தான் வேணும். ஜிஐ பைப் ஸ்டவ் பக்கத்துல வேண்டாம், சூட்டுல துத்தநாகப் பூச்சு ஆவியாகி வரும், அது மூச்சுக்கு விஷம். நம்ம பக்கம் பழைய சமையக்கட்டு புகைபோக்கியில எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் தான் வச்சிருப்பாங்க, அது கைவசம் கிடக்குதேன்னு இதுக்கு மாட்டிராதீங்க. ஸ்டவ் புகையோட சூட்டுக்கு வெடிச்சு சிதறும், அதோட தூசியும் நுரையீரலுக்கு ஆகாது.

பைப்ப எந்த பக்கமா மாட்டறதுங்கறது எனக்கு ஒரு சுவர் பாழாப்போன பிறகு தான் தெரிஞ்சுது. ஒவ்வொரு துண்டுலயும் ஒரு முனைய சுருக்கி அடுத்த துண்டுக்குள்ள நுழையற மாதிரி செஞ்சிருப்பாங்க. மாட்ட வந்த பட்டறைக்காரர் சுருங்கின முனைய மேல பாத்து வச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஏத்திட்டு போனார், புகை மேல தானக்கா போகுது, இப்படி இருந்தா தான் கசியாதுன்னார், எனக்கும் சரின்னு தான் பட்டுது. நவம்பர் மழை ஆரம்பிச்சு ஒரு வாரம், காலையில எந்திரிச்சு பாத்தா இரண்டாவது ஜாயின்ட்ல இருந்து கறுப்பா ஒரு கோடு இறங்கி சுவத்துல வழிஞ்சு தரை வரைக்கும் வந்திருக்கு. தொட்டா பிசுபிசுன்னு, கருவாடு சுட்ட மாதிரி ஒரு நாத்தம், மூணு தடவ சுண்ணாம்பு அடிச்சும் மஞ்சளா தெரிஞ்சுக்கிட்டே இருந்துது. புகை மேல போறது உண்மை, ஆனா அதுல இருக்கற தண்ணியும் தாரும் ஆறி கீழ தான் இறங்கும், சுருங்கின முனை மேல பாத்தா அது ஜாயின்ட் வழியா வெளிய ஒழுகும், கீழ பாத்தா உள்ளயே வழிஞ்சு ஸ்டவ்வுக்குள்ள விழுந்து எரிஞ்சு போயிரும். அதனால சுருங்கின முனை கீழ, ஸ்டவ்வ பாத்து. ஒவ்வொரு ஜாயின்ட்லயும் மூணு ஸ்க்ரூ. ரெட்டைச் சுவர் பைப்புல அம்புக்குறி போட்டிருக்கும், அது மேல பாக்கணும்.

கூரைய தொளைக்கற வேலைய மழை இல்லாத மாசத்துல, ஜனவரியில இருந்து ஏப்ரலுக்குள்ள வச்சுக்கங்க. ஓட்டு வீடுன்னா ஆசாரிய கூட்டிட்டு வந்து கைமரத்துக்கு நடுவுல எடம் பாக்க சொல்லுங்க, ரீப்பர வெட்டினா ரெண்டு பக்கமும் குறுக்கு கட்டை கொடுத்து முட்டு கொடுக்கணும். ரெட்டைச் சுவர் பைப்பா இருந்தாலும் மரத்துல இருந்து குறைஞ்சது 2 இன்ச் தள்ளி நிக்கணும், பைப்போட வந்த பேப்பர்ல அதுக்கு மேல சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. அந்த 2 இன்ச் சந்துல காத்து தான் இருக்கணும், மரத்தூள், துணி, ராக் வூல்னு எதையும் திணிக்காதீங்க, திணிச்சா சூடு அங்கயே தங்கி மரம் வருஷக்கணக்கா கருகிக் கருகி ஒரு நாள் பத்திக்கும். ஒத்தை பைப்புன்னா மரத்துல இருந்து 18 இன்ச், அதனால தான் ஒத்தை பைப்போட கூரைய தாண்டக் கூடாதுன்னு சொல்றேன். ஃபால்ஸ் சீலிங், பலகை தட்டு, மேல பரண்ல பழைய பாய், வாழைநார் கயிறுன்னு கிடக்கும், எல்லாத்தையும் எறக்கிருங்க.

தகரக் கூரைன்னா பைப்ப சுத்தி மழைத்தண்ணி இறங்காம மாட்டற சிலிக்கோன் உறை வாங்கலாம், சாதா ரப்பர் இல்ல, சூடு தாங்கற சிவப்பு சிலிக்கோன். அதோட மேல் ஓரம் மேல் ஷீட்டுக்கு அடியில போகணும், கீழ் ஓரம் கீழ் ஷீட்டுக்கு மேல நிக்கணும், தண்ணி எப்படி ஓடும்னு ஒரு நிமிஷம் நினைச்சு பாத்தா புரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில ஓட்டை போடாதீங்க, அந்த ஒரு ஷீட்ட நனைச்சு முழுசா கழட்டிட்டு தகர ஷீட் போட்டு அதுல தொளைங்க. மேல தொப்பி வைங்க, குரங்கு வர்ற ஏரியான்னா பைப்புக்கு மூணு பக்கமும் கம்பி இழுத்து கட்டுங்க, அதுங்க ஏறி ஆட்டுச்சுன்னா ஜாயின்ட் எல்லாம் லூசாயிரும்.

தரை காவித் தரை, சிமெண்ட்டுன்னா கவலை இல்ல. பலகைத் தரைன்னா வெறும் கடப்பா கல்லு போட்டா போதாது, கல்லு சூட்ட அப்படியே கீழ கடத்தும், செங்கல் பரப்பி காத்து போக சந்து விட்டு அதுக்கு மேல சிமெண்ட் போர்டு போட்டு வைங்க. கதவுக்கு முன்னாடி 18 இன்ச், பக்கவாட்டுல 8 இன்ச்சாவது எரியாத தரை வேணும், பொறி அங்க தான் வந்து விழும். மர அலமாரி, சோபா, திரைச்சீலை எல்லாம் 3 அடி தள்ளி. துணி காயப் போட கொடி கட்டறவங்க தான் அதிகம், மழை மாசத்துல ஆசையா தான் இருக்கும், ஆனா ஸ்டவ்வுக்கு நேர் மேல கட்டாதீங்க.

நெருப்புக்கு காத்து வேணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா குளிருக்காக ஜன்னல் சந்த பேப்பர் வச்சு அடைச்ச அதே கையால தான் ஸ்டவ்வ பத்த வைப்போம். ஸ்டவ் பக்கத்துல சுவத்துல 4 இன்ச் ஓட்டை ஒண்ணு போட்டு எலி வராம வலை அடிச்சு விடுங்க. சமையக்கட்டுல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிட்டு இருந்தா அது ஸ்டவ் பைப்ல இருந்தே காத்த இழுத்து புகைய வீட்டுக்குள்ள கொண்டு வந்துரும், ஸ்டவ் எரியறப்ப அத நிப்பாட்டிருங்க. எல்லாம் மாட்டி முடிஞ்சதும் ஒரு ஊதுபத்திய கொளுத்தி ஸ்டவ் கதவு வாயில பிடிங்க, புகை உள்ள போய் மேல இழுத்தா சரி, உங்க மூஞ்சிய பாத்து வந்தா இன்னும் வேலை இருக்கு.

விறகுக்கு வருவோம், இதுல தான் நான் யார்கிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈர விறகுல எரியற நெருப்பு சக்தியில ஒரு பங்க தண்ணிய ஆவியாக்கறதுக்கே செலவு பண்ணும், மீதி இருக்கறதுல புகை எப்படி சூடா போகும். ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ வரணும். நம்ம பக்கம் கிடைக்கறது கற்பூர மரம்னு சொல்ற யூகலிப்டஸ், சீகைன்னு சொல்ற வாட்டில், சில்வர் ஓக், சைப்ரஸ், அப்புறம் கவாத்து பண்ணின தேயிலை மிலாறு. கற்பூர மரம் 1843-ல நீலகிரிக்கு வந்தது, விறகுப் பஞ்சம் தீக்கத்தான் பின்னாடி மலை மலையா நட்டாங்க, நல்லா காஞ்சா அது மாதிரி நின்னு எரியற விறகு கிடையாது. ஆனா அத பச்சையிலயே பொளந்துரணும், நார் முறுக்கிக்கிட்டு ஓடற மரம், காஞ்ச பிறகு கோடாலி உள்ள போகாது, ஆப்பு தான் அடிக்கணும். சீகை சீக்கிரம் காயும், சூடும் நல்லா இருக்கும், எனக்கு பிடிச்சது அதுதான். மிலாறு பத்த வைக்க அருமை. சைப்ரஸ், பைன்ல பிசின் இருக்கும், ஆனா காஞ்சதா இருந்து கொழுந்து விட்டு எரிஞ்சா தப்பில்ல.

ஜனவரியில பொளந்து அடுக்கினா சீகை அந்த வருஷ டிசம்பருக்கு ஆகும், கற்பூர மரம் தடிச்சதுன்னா அடுத்த வருஷ டிசம்பர் வரைக்கும் விட்டு வைங்க. கீழ ரெண்டு கட்டைய போட்டு மண்ணுல படாம அடுக்கி மேல மட்டும் தகரம் போடுங்க, நாலு பக்கமும் காத்து போகட்டும். தார்ப்பாய சுத்தி மூடி கட்டறாங்க பாருங்க, அது காய வைக்கறது இல்ல, காளான் வளக்கறது. ஈரம் பாக்க மீட்டர் இருக்கு, கட்டைய பொளந்து உள்பக்கத்துல குத்தி பாக்கணும், வெளிப்பக்கம் எப்பவும் காஞ்ச மாதிரி தான் காட்டும். மீட்டர் இல்லன்னா நான் செய்யறது இது. அடுக்கறப்ப ஒரு கட்டைக்கு சாக்பீஸ்ல குறி போட்டு அம்மாவோட காய்கறி தராசுல எடை போட்டு கட்டை மேலயே எழுதிருவேன். போன தடவ சீகைக் கட்டை ஒண்ணு 3 கிலோ 200-ல ஆரம்பிச்சு மாசா மாசம் இறங்கி 2 கிலோ 100-ல வந்து நின்னுருச்சு, ரெண்டு மாசமா அதே எடை. அதுக்கு மேல இறங்காதுன்னா காஞ்சுருச்சுன்னு அர்த்தம். ரெண்டு கட்டைய தட்டினா பச்சை விறகு சத்தமே இல்லாம தொப்புனு விழும், காஞ்சது கணீர்னு கேக்கும், நுனியில வெடிப்பு ஓடியிருக்கும்.

ஒண்ணு மறக்காதீங்க, நம்ம மலையில சொந்த பட்டா நிலத்துல நிக்கற மரமா இருந்தாலும் அனுமதி இல்லாம வெட்டக் கூடாது, 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்பு சட்டம் இருக்கு. காட்டுல இருந்து சுமந்துட்டு வந்து விக்கறத வாங்காதீங்க, எஸ்டேட்ல முறையா வெட்டின மரம், மில்லுல மிச்சம் விழற கட்டை இதுவே போதும். பெயிண்ட் அடிச்ச பலகை, பிளைவுட், பழைய பேக்கிங் பெட்டி எதுவும் ஸ்டவ்வுக்குள்ள வேண்டாம்.

புது ஸ்டவ்வ வந்த அன்னைக்கே கொழுந்து விட்டு எரிக்கறது தான் எல்லாரும் பண்ற தப்பு. பட்டறையில செஞ்சதுன்னா உள்ள ஃபயர் பிரிக் ஒட்டின மண்ணு காய வெயில் நாள்ல மூணு நாள், மிஸ்ட் நாள்ல ஒரு வாரம் சும்மா விடுங்க. அப்புறம் மூணு சின்ன நெருப்பு. முதல் நாள் பேப்பரும் ஒரு பிடி மிலாறும் மட்டும், அரை மணி நேரம், பின்ன முழுசா ஆற விடணும், கைய வச்சா ஜில்லுனு இருக்கணும். இரண்டாவது நாள் கொஞ்சம் கூட, ஒரு மணி நேரம். மூணாவது நாள் ரெண்டு கட்டை போட்டு நல்லா சூடேத்துங்க. அன்னைக்கு பெயிண்ட் வாசனை மூக்க அடைக்கும், ஸ்டவ் மேல இருந்தே மெல்லிசா புகை வரும், பயப்படாதீங்க, பெயிண்ட் இறுகுது. சூட்டோட இருக்கறப்ப பெயிண்ட் மெத்துனு இருக்கும், தொட்டா விரல் ரேகை பதிஞ்சுரும், பாத்திரம் எதையும் மேல வைக்காதீங்க. ஜன்னல் எல்லாம் தொறந்து போட்டு, வீசிங் இருக்கறவங்களையும் குழந்தைங்களையும் வேற எங்கயாவது அனுப்பிருங்க, நான் அப்பாவ அன்னைக்கு சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிட்டேன். முடிஞ்சா முதல் நெருப்ப வாசல்லயே ரெண்டு துண்டு பைப் மாட்டி போட்டுட்டு அப்புறம் உள்ள கொண்டு வாங்க, இன்னும் நல்லது.

பத்த வைக்கறது எப்படின்னா, நம்ம அடுப்பு பழக்கத்துல கீழ சுள்ளி மேல கட்டைன்னு தான் கை போகும், இதுல தலைகீழ். கீழ ரெண்டு மூணு பெரிய கட்டை, சந்து விட்டு. அதுக்கு மேல குறுக்க மணிக்கட்டு தடிமன்ல நாலு, அதுக்கு மேல விரல் தடிமன்ல மிலாறு ஒரு பிடி, உச்சியில கற்பூர மரத்துல பட்டை பட்டையா உரிஞ்சு தொங்குமே அத சுருட்டி வைங்க, காஞ்ச பைன் காய் இருந்தா அதுவும். நெருப்பு மேல இருந்து கீழ இறங்கும், முதல்ல சூடாகறது பைப், அதனால ஆரம்பத்துலயே இழுப்பு கிடைச்சுரும், புகையும் அந்த கொழுந்த தாண்டி போறப்பவே எரிஞ்சுரும். மண்ணெண்ணெய், பெட்ரோல் கிட்டயே கொண்டு வராதீங்க, பால் கவர், டயர் டியூப் துண்டும் கூடாது.

பள்ளத்துல இருக்கற வீட்டுல ஒரு தொல்லை உண்டு, சாயங்காலம் ஜில்லுனு காத்து கீழ வந்து தேங்கி நிக்கும், பைப்புக்குள்ளயும் அந்த கனத்த காத்து அடைச்சுக்கிட்டு இருக்கும், அப்படியே பத்த வச்சா முதல் அஞ்சு நிமிஷம் புகை முழுக்க ஹாலுக்குள்ள. அதுக்கு ஒரு முழு நியூஸ் பேப்பர முறுக்கி கொளுத்தி தடுப்புத் தகட்டு பக்கம் உசத்தி பிடிங்க, முதல்ல சோம்பலா ஆடும், பின்ன ஒரு நொடியில 'ஹூ'ன்னு ஒரு சத்தத்தோட கொழுந்து மேல இழுத்துக்கிட்டு போகும், அந்த சத்தம் கேட்டதும் உச்சியில இருக்கற பட்டைய பத்த வைங்க. காத்து கம்பி முழுசா தொறந்து, கதவ ஒரு விரல் சந்து விட்டு அஞ்சு நிமிஷம், அதுவரைக்கும் அங்கயே உக்காந்திருங்க. கட்டை ஓரம் எல்லாம் பிடிச்சதும் கதவ மூடுங்க, கால் மணி, இருபது நிமிஷம் கழிச்சு காத்த கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, ஒரேடியா இல்ல.

நெருப்பு எப்படி இருக்குன்னு கண்ணாடியே சொல்லும். பளிச்சுனு மஞ்சளா துள்ளிக்கிட்டு இருந்தா சரி. இருண்ட ஆரஞ்சா சோம்பலா ஆடினா காத்து போதல. கண்ணாடி கறுத்தா விறகு ஈரம், இல்ல காத்த அதிகமா அடைச்சுட்டீங்க. வெளிய போய் பைப் தலைய பாருங்க, இருபது நிமிஷம் கழிச்சு கண்ணுக்கு தெரியற புகை இருக்கக் கூடாது, காத்து மட்டும் நெளியற மாதிரி தெரியணும். பைப்புல ஒட்டற காந்த தெர்மாமீட்டர் கிடைக்கும், ஒத்தை பைப்பு மேல 115-ல இருந்து 245 டிகிரிக்குள்ள வச்சுக்கங்க, கீழ போனா தார் கட்டும், மேல போனா இரும்பு கெடும். கட்டை சேக்கறப்ப கதவ படக்குனு தொறக்காதீங்க, ஒரு இன்ச் தொறந்து ரெண்டு நொடி நிறுத்தி அப்புறம் தொறங்க, இல்லன்னா புகை உங்க கூடயே வெளிய வரும். மேல ஒரு கெட்டில் தண்ணி எப்பவும் இருக்கட்டும், பனிக்காலத்துல காத்து ரொம்ப காஞ்சு கிடக்கும். நம்ம உசரத்துல தண்ணி 93 டிகிரி சுமாருக்கே கொதிச்சுரும், அதனால கொதி வந்துருச்சேன்னு டீத்தூள உடனே எறக்கிராம நல்லா விட்டு எடுங்க.

ராத்திரி முழுக்க எரியட்டும்னு ஸ்டவ்வ நிறைய அடைச்சு காத்த மூடிட்டு படுக்கறது தான் இருக்கறதுலயே பெரிய தப்பு. அந்த ஒரு ராத்திரியில கட்டற தார் பல நாள் நல்லபடியா எரிச்சாலும் கட்டாது, கார்பன் மோனாக்ஸைடும் அப்ப தான் அதிகம். படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கடைசி கட்டை, அது எரிஞ்சு தணலாகட்டும், செங்கல்லும் இரும்பும் பிடிச்சு வச்ச சூடு விடியக்காலம் வரைக்கும் வரும். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கட்டாயம் வாங்குங்க, ஸ்டவ் இருக்கற ரூம்ல ஸ்டவ்ல இருந்து 1 மீட்டருக்கு மேல 3 மீட்டருக்குள்ள ஒண்ணு, படுக்கற ரூம்ல தலைமாட்டு உசரத்துல ஒண்ணு. அது கத்தினாலோ, வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல காய்ச்சல் இல்லாம தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தாலோ காரணம் தேடிட்டு நிக்காதீங்க, எல்லாரும் வெளிய, 108-க்கு போன்.

பைப்புக்குள்ள தார் பத்திக்கிச்சுன்னா ரயில் ஓடற மாதிரி சத்தம் வரும், பைப் நடுங்கும். கதவையும் காத்தையும் முழுசா மூடிட்டு எல்லாரையும் வெளிய கூட்டிட்டு போய் 101-க்கு சொல்லுங்க, சூடான ஸ்டவ் மேல தண்ணி ஊத்தாதீங்க, வார்ப்பிரும்பு வெடிக்கும். இது வராம இருக்க வருஷத்துக்கு ரெண்டு தடவ, அக்டோபர்லயும் பனி முடிஞ்ச பிறகும், பைப் அளவுக்கு கம்பி பிரஷ் வாங்கி மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்து விடுங்க. தார் 3 மில்லிமீட்டர் தடிமன் வந்துட்டாலே சுத்தம் பண்ணியாகணும், 6 வந்துட்டா அன்னைக்கு ஸ்டவ்வ பத்த வைக்கவே கூடாது. அப்படியே கதவுக் கயிறையும் பாத்துருங்க, ஒரு பேப்பர் துண்ட நடுவுல வச்சு கதவ மூடி இழுத்தா பிடிச்சு நிக்கணும், வழுக்கிட்டு வந்தா கயிறு மாத்தற நேரம்.

சாம்பல தினமும் சுரண்டி எடுக்க வேண்டாம், ஒரு இன்ச் மெத்தை மாதிரி கிடந்தா விறகு நல்லா எரியும். எடுக்கறப்ப மூடி போட்ட தகர வாளியில தான், பிளாஸ்டிக் பக்கெட்டோ அட்டைப் பெட்டியோ கூடாது, உள்ள கங்கு மூணு நாலு நாள் வரைக்கும் உசுரோட கிடக்கும். வாளிய மரத் திண்ணையில வைக்காம வெளிய கல்லு மேல வைங்க. அந்த சாம்பல கொஞ்சம் ஈரப் பேப்பர்ல தொட்டு கண்ணாடிய தேச்சா கறுப்பு எல்லாம் வந்துரும், சோப்பே வேண்டாம். தோட்டத்துக்கும் ஆகும், ஆனா எல்லாத்துக்கும் இல்ல, தேயிலைக்கு புளிப்பு மண்ணு தான் வேணும், உருளைக்கிழங்குக்கு போட்டா சொறி விழும். அம்மா முதல் வருஷம் சாம்பல் முழுக்க வாசல்ல இருந்த ஹைட்ராஞ்சியா அடியில கொட்டிட்டு வந்தாங்க, நீலமா பூத்துட்டு இருந்த செடி, மண்ணோட புளிப்பு குறைஞ்சதுல நீலம் மங்கி ரோஸ் பக்கம் போயிருச்சு. இப்ப சாம்பல் பூண்டு பாத்திக்கு மட்டும் தான் போகுது, ஹைட்ராஞ்சியாவுக்கு டீத்தூள் சக்கை.